காலையில் ஸ்டார்ட் ஆகாத பைக்: குளிர்ந்த எஞ்சினில் பழுதைத் தேடும் முழு வழிமுறை

இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் பத்துப் பதினைந்து உதை வாங்கிய பிறகே உயிர் பெறுகிறது. ஒருமுறை சூடேறிவிட்டால் மாலை வரை பட்டனைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. இந்தக் கோளாறின் பெரிய தொல்லை, பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகி, மெக்கானிக்கின் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாமல் போவதுதான். அதனால் பிளக், பேட்டரி, கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பகுதி) என்று ஒவ்வொன்றாக ஊகத்தின் பேரில் மாற்றப்படுகின்றன. குளிர்ந்த எஞ்சினின் பழுதைக் குளிர்ந்த நிலையில்தான் தேட வேண்டும். வண்டி இரவில் நிற்கும் இடத்திலேயே, காலையில், உரிமையாளரே தேடுவதற்கு ஏற்ற கோளாறு இது.

நம் சாலைகளில் அதிகம் ஓடும் 100 முதல் 200 சிசி வரையிலான, ஒற்றை சிலிண்டர் கொண்ட, காற்றினால் குளிரும் எஞ்சின்களை மனத்தில் வைத்தே இவ்வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்6 என்னும் புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்த பிறகு வெளியான வண்டிகளில் பெரும்பாலானவை கார்ப்பரேட்டருக்குப் பதிலாக மின்னணு முறையில் பெட்ரோலைப் பீச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கொண்டவை என்பதால் அவற்றுக்குத் தனிப் பகுதி கீழே உள்ளது. பிளக், பேட்டரி, டேப்பட் (வால்வை இயக்கும் பகுதியில் விடப்படும் இடைவெளி), ஆயில் பற்றிய செய்திகள் இரு வகைக்கும் பொருந்தும்.

குளிரில் என்ன நடக்கிறது

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்த பிறகே எரிகிறது. சூடான எஞ்சினில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற எடை விகிதம் முழுமையாக எரிவதற்குப் போதுமானது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் உள்ளே வரும் பெட்ரோலில் ஒரு பகுதி இன்டேக் குழாயின் சுவரிலும் சிலிண்டர் சுவரிலும் துளிகளாக ஒட்டிக்கொள்ள, எளிதில் ஆவியாகும் பகுதி மட்டுமே தீப்பொறிக்குக் கிடைக்கிறது. இந்தக் குறையை ஈடுகட்ட, ஆவியாகாத பகுதி வீணானாலும் பரவாயில்லை என்று கூடுதலாகப் பெட்ரோலை உள்ளே விடுவதே சோக்கின் வேலை.

இதே நேரத்தில் வேறு இரண்டு இடையூறுகளும் சேர்கின்றன. குளிரில் பேட்டரியின் ரசாயன வினை மந்தமாகி அது தரக்கூடிய கரண்ட் குறைகிறது. எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டுச் சுழற்சிக்குத் தடையாகிறது. ஆகவே வெயில் நேரத்தில் வெளியே தெரியாத சிறு குறைகள், அதாவது சற்றுத் தேய்ந்த பிளக்கும் கார்ப்பரேட்டரில் பாதி அடைத்த ஸ்லோ ஜெட் என்னும் நுண்துளையும் ஓரளவு வலுவிழந்த பேட்டரியும், விடியற்காலையில் ஒன்றுகூடி வண்டியை நிறுத்திவிடுகின்றன.

இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எத்தனால் ஆவியாவதற்கு அதே எடைப் பெட்ரோலைவிட இரு மடங்குக்கும் அதிகமான வெப்பம் தேவை. தவிர அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டே இருக்கும் வண்டிக்கு இதனால் பெரிய தொல்லை வருவதில்லை. மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு வரும்.

கருவியை எடுக்கும் முன்

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா, கில் ஸ்விட்ச் ஓடும் நிலையில் இருக்கிறதா, நியூட்ரல் விளக்கு எரிகிறதா, சைடு ஸ்டாண்ட் சென்சார் உள்ள வண்டியில் ஸ்டாண்ட் மேலே மடிந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். சொல்வதற்கே கூச்சமாக இருந்தாலும், இவற்றில் ஒன்றுக்காகப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போகப்பட்ட வண்டிகள் ஏராளம். குறிப்பாகக் கில் ஸ்விட்ச்சை நிறுத்துமிடத்தில் விளையாடும் குழந்தைகள் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஸ்டார்ட் செய்யும் முறையே தவறாக இருக்கலாம்

கார்ப்பரேட்டர் வண்டிகளில் இரண்டு வகைச் சோக்குகள் உண்டு. கார்ப்பரேட்டரின் வாயில் ஒரு தகடு திரும்பிக் காற்றை அடைப்பது ஒரு வகை. பல 100 சிசி வண்டிகளில் கார்ப்பரேட்டரின் பக்கவாட்டில் உள்ள சிறு நெம்புகோல் இதைத்தான் திருப்புகிறது. இரண்டாவது வகையில் காற்று அடைபடுவதில்லை. சோக்கை இழுத்ததும் பிளஞ்சர் என்னும் ஒரு சிறு தண்டு மேலெழும்பி, கூடுதல் பெட்ரோலுக்கான தனிப் பாதையைத் திறந்துவிடுகிறது. ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும்போது எஞ்சின் இழுக்கும் உறிஞ்சு விசை முழுவதும் அந்தப் பாதையின் மேல் விழுந்தால்தான் பெட்ரோல் ஏறும். சோக்கை இழுத்துவிட்டு ஆக்ஸிலேட்டரையும் முறுக்கினால் உறிஞ்சு விசை சரிந்து, சோக் போட்டும் போடாததாகிவிடும். இரண்டாம் வகைக் கார்ப்பரேட்டர் கொண்ட வண்டிகளில் ‘சோக் வேலை செய்யவில்லை’ என்ற புகாரில் கணிசமானவை இந்தக் கைப்பழக்கத்தால் வருபவை.

எனவே சரியான முறை இது: சாவியைப் போட்டுச் சோக்கை முழுவதும் இழுத்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு கிக் செய்ய வேண்டும் அல்லது செல்ஃப் பட்டனை அழுத்த வேண்டும். கெட்டியான ஆயிலில் கியர் பாக்ஸையும் சேர்த்துச் சுழற்றும் சுமை கிளட்ச்சைப் பிடிப்பதால் குறைகிறது. செல்ஃபை ஐந்து நொடிக்கு மேல் தொடர்ந்து அழுத்தக்கூடாது; பத்துப் பதினைந்து நொடி இடைவெளி விட்டால் பேட்டரி ஓரளவு மீளும், ஸ்டார்ட்டர் மோட்டாரும் சூடாகாது. வண்டி பிடித்ததும் சோக்கைப் படிப்படியாகத் தள்ளி, ஒரு நிமிட அளவில் முழுவதும் மூடிவிடலாம்.

பல முறை முயன்றும் பிடிக்காமல் சைலன்ஸர் பக்கம் பெட்ரோல் வாடை வந்தால், சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கிவிட்டது என்று பொருள். அப்போது சோக்கை மூடி, ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்து பிடித்துக்கொண்டு ஐந்தாறு முறை உதைத்தால் உள்ளே புகும் காற்று தேங்கிய பெட்ரோலை வெளியேற்றும். அதன் பின்னும் பிடிக்காவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைப்பதைத் தவிர வழியில்லை.

வண்டி காட்டும் அறிகுறியைப் படித்தல்

எதையும் கழற்றுவதற்கு முன், முதல் ஒரு நிமிடத்தில் எஞ்சின் என்ன செய்கிறது என்பதைக் கூர்ந்து கவனிப்பது பாதி வேலையை முடித்துவிடும். செல்ஃபில் பிடிக்காத வண்டி கிக்கில் உடனே பிடித்தால் பேட்டரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். சோக்கில் பிடித்து, சோக்கைத் தள்ளியதும் அணைந்து, ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் சோக் இல்லாமல் ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரைத் தொடாத மெதுவான ஓட்டம்) நிலைக்காவிட்டால் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது எங்கோ கூடுதல் காற்று உறிஞ்சப்படுகிறது. சோக்கை இழுப்பதால் நிலைமை மோசமாகி, சோக் இல்லாமலே பிடிக்கிறது என்றால் கலவையில் ஏற்கெனவே பெட்ரோல் அதிகம். ஏர் ஃபில்டரையும், கார்ப்பரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டையும் பார்க்க வேண்டும். கிக்கர் முன்பைவிட இலகுவாக இறங்குகிறது, வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்தால் மட்டும் பிடிக்கிறது என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவு, குறைந்திருக்கக்கூடும். சில நொடிகள் ஓடி அணைந்து, சற்று நேரம் கழித்து மீண்டும் அதையே செய்யும் வண்டியில் பெட்ரோல் வரத்து தடைப்படுகிறது. காலையில் நன்றாகப் பிடித்து, சூடான பிறகு மறுக்கும் வண்டியின் பழுது வேறு இனம். இக்கட்டுரையின் வழிமுறைகள் அதற்கு உதவா.

பேட்டரியும் மின்னிணைப்பும்

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் ஊகத்துக்கு இடமில்லை. இரவு முழுவதும் நின்ற வண்டியில், சாவியைப் போடாமல், பேட்டரி முனைகளில் அளந்தால் 12.6 முதல் 12.8 வோல்ட் காட்ட வேண்டும். 12.4 காட்டினால் சார்ஜ் தேவை; 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஏறக்குறைய காலி. இந்த அளவோடு நின்றுவிடாமல், செல்ஃபை அழுத்தும்போது மீட்டரைக் கவனிப்பதே முக்கியமான சோதனை. அந்த நேரத்தில் வோல்ட்டேஜ் 9.6க்குக் கீழே சரிந்தால், ஓய்வு நிலையில் எவ்வளவு காட்டினாலும் அந்தப் பேட்டரிக்குச் சுமை தாங்கும் வலு இல்லை.

பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் டிசி வகை சிடிஐ (பிளக்கின் பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) உள்ள வண்டிகளில் ஒரு நுட்பம் உண்டு: ஸ்டார்ட்டர் சுழல்கிறது, ஹாரனும் அடிக்கிறது, ஆனால் சுழலும் அந்தக் கணத்தில் வோல்ட்டேஜ் சரிவதால் பிளக்கில் பொறி பலவீனமாக விழுகிறது. உரிமையாளர் பேட்டரியைச் சந்தேகிக்காமல் கார்ப்பரேட்டரைக் கழற்றுவது இப்படித்தான் நேர்கிறது. பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் உள்ள ஏசி வகை சிடிஐ, எஞ்சினோடு சுழலும் மேக்னெட்டிலிருந்தே மின்சாரம் பெறுவதால் பேட்டரி இல்லாமலும் கிக்கில் ஸ்டார்ட் ஆகும்.

பேட்டரி முனைகளில் படியும் வெண்பச்சை உப்புப் படிவை வெந்நீரால் கழுவி, காய்ந்த பின் திருகுகளை இறுக்கி, மெல்லிதாக வாஸலின் தடவ வேண்டும். எஞ்சினிலோ சேஸிலோ திருகப்பட்டிருக்கும் எர்த் ஒயரின் முனையையும் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். எல்லாரும் மறக்கும் இடம் அது. புதுப் பேட்டரியும் மாதக்கணக்கில் தாங்காமல் போனால், எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு அளந்து பாருங்கள்: 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வராவிட்டால் ரெகுலேட்டரிலோ மேக்னெட் காயிலிலோ பழுது. பின்னாளில் பொருத்திய ஜிபிஎஸ், அலாரம், மொபைல் சார்ஜர் போன்றவை இரவெல்லாம் சிறிது சிறிதாகக் கரண்டை உறிஞ்சுவதும் உண்டு.

பிளக்: எஞ்சினுக்குள் பார்க்கும் ஜன்னல்

பல முறை முயன்று பிடிக்காத உடனேயே பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது மிகவும் பயன் தரும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் ஊதிவிட்டே கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். முனை பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. ஆகவே பொறியையோ கம்ப்ரஷனையோ தேட வேண்டும். இத்தனை உதைக்குப் பிறகும் காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. உலர்ந்த கரி படிந்திருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம், அல்லது தினமும் சோக்கோடு நெடுந்தூரம் ஓட்டும் பழக்கம் இருக்கிறது. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் ரிங்குகளோ வால்வு சீல்களோ தேய்ந்திருக்கின்றன.

பொறியைச் சோதிக்கப் பிளக்கை அதன் தொப்பியில் செருகி, பிளக்கின் உலோக உடல் எஞ்சினின் பெயின்ட் இல்லாத பகுதியில் நன்றாகத் தொட்டிருக்கும்படி வைத்துக் கிக் செய்ய வேண்டும். எர்த் கிடைக்காத நிலையில் கிக் செய்தால் சிடிஐ பழுதாகக்கூடும். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால் பிளக்கை அத்துளையிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும், சிந்திய பெட்ரோலையும் முதலில் துடைத்துவிட வேண்டும். ஒவ்வொரு உதைக்கும் தவறாமல் நீல நிறப் பொறி விழுந்தால் நல்லது. மெலிந்த ஆரஞ்சு நிறம் பலவீனத்தைக் காட்டும். ஆனால் வெளிக்காற்றில் நன்றாக விழும் பொறி, சிலிண்டரின் அழுத்தத்தில் விழாமல் போவது உண்டு. ஆகவே நீண்ட காலம் ஓடிய பிளக் என்றால் அதைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்காமல், கையேட்டில் குறிப்பிட்ட அதே எண்ணுள்ள புதுப் பிளக்கைப் போட்டுவிடுவது சிக்கனம். இடைவெளி பெரும்பாலான சிறு வண்டிகளில் 0.6 முதல் 0.9 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டிக்குரிய அளவை ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடுகளால் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுப் பிளக்கிலும் பொறி மெலிந்திருந்தால் பிளக் தொப்பியைத் திருகிக் கழற்றி, ஒயரின் நுனியில் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மீண்டும் திருக வேண்டும். உள்ளே பச்சைப் பூத்த செம்பு நுனி அதோடு போய்விடும். காயில், சிடிஐ ஆகியவற்றை இன்னொரு வண்டியிலிருந்து மாற்றிப் பார்ப்பதே நடைமுறையில் எளிய சோதனை. பிளக்கைத் திரும்பப் போடும்போது கையாலேயே முழுவதும் திருகிய பின், புதியதென்றால் ஸ்பேனரால் அரைச் சுற்று மட்டும் இறுக்கினால் போதும். அலுமினிய மரையைக் கெடுத்துக்கொண்டால் அதன் செலவு பிளக்கைப்போலப் பல மடங்கு.

கார்ப்பரேட்டர்: பெரும்பாலான விடைகள் இருக்கும் இடம்

முதலில் டேங்கிலிருந்து வருவதை உறுதி செய்ய வேண்டும். கார்ப்பரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுலின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, வெளிவரும் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். பவுல் காலியான பிறகும் டேப்பிலிருந்து தொடர்ந்து வந்தால் வரத்து சரி. நின்று நின்று வந்தால் டேப்பிலுள்ள வலையோ டேங்க் மூடியின் காற்றுத் துளையோ அடைத்திருக்கலாம். மூடியைத் திறந்து வைத்ததும் ஓட்டம் சீரானால் துளைதான். எஞ்சினின் உறிஞ்சு விசையால் திறக்கும் ஆட்டோ டேப் உள்ள வண்டிகளில் எஞ்சின் நின்றிருக்கும்போது பெட்ரோல் வராதது இயல்பே. பாட்டிலைச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீர் இருந்தால் அடியில் தனியே பிரிந்து நிற்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் ஈரம் ஓர் அளவைத் தாண்டும்போது எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து, டேங்கின் அடியில், அதாவது கார்ப்பரேட்டருக்குப் போகும் இடத்திலேயே, தங்கிவிடுகின்றன. அப்படியானால் டேங்க்கை முழுவதும் வடித்தெடுக்காமல் கார்ப்பரேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் பயனில்லை.

அடுத்தது சோக்கின் இயக்கம். கம்பியால் இழுக்கும் சோக் என்றால் நெம்புகோல் நகர்ந்தும் பிளஞ்சர் மேலெழாமல் கம்பி தொய்ந்திருக்கலாம். பிளஞ்சரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நெம்புகோலை இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தகடு வகையில் ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயை விலக்கி, தகடு முழுவதும் மூடுகிறதா என்று பார்க்கலாம்.

இதன் பின்னும் குறை தீராவிட்டால் ஸ்லோ ஜெட். ஐடிலிங்கிலும் ஸ்டார்ட் ஆகும் நேரத்திலும் பெட்ரோல் வரும் இந்த ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. பவுலில் நின்று ஆவியாகும் பெட்ரோல் விட்டுச் செல்லும் பசை முதலில் அடைப்பது இதைத்தான். துளை பாதி அடைத்த நிலையில் சூடான எஞ்சின் எப்படியோ சமாளித்துக்கொள்ளும், குளிர்ந்த எஞ்சினால் முடியாது. மெயின் ஜெட் பெரியது என்பதால் வேகத்தில் வண்டி நன்றாகவே ஓடும்; ‘ஓட்டத்தில் குறையில்லை, ஆகவே கார்ப்பரேட்டர் நன்றாக இருக்கிறது’ என்ற தவறான முடிவுக்குப் பலரும் வருவது இதனாலேயே.

கழற்றும் வேலை கடினமானதன்று, பொறுமை வேண்டும். பெட்ரோல் டேப்பை மூடி, பவுலை வடித்து, கார்ப்பரேட்டரைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்துப் பிரியுங்கள். ஸ்லோ ஜெட்டைப் பள்ளத்தில் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரால் மட்டுமே திருக வேண்டும். பித்தளை எளிதில் சிதைந்துவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை வழியே வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். கார்ப்பரேட்டர் கிளீனரைத் தெளித்து ஊறவிட்டு, அழுத்தக் காற்றால் ஊதுவதே முறை. ஊசியையும் இரும்புக் கம்பியையும் நுழைத்தால் துளை பெரிதாகி, அதன் பிறகு அந்த வண்டி என்றைக்கும் சரியான அளவில் பெட்ரோல் குடிக்காது. ஜெட் மட்டுமன்றி, அது அமரும் துளையையும் ஐடிலிங் பாதைகளையும் சோக்கின் தனி வழியையும் சேர்த்து ஊத வேண்டும். கண்ணில் கண்ணாடி அவசியம்.

ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அதை மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் அமர்கிறது என்று குறித்துக்கொண்டு, திரும்பப் போடும்போது அதே அளவுக்கு வெளியே வைக்க வேண்டும். இந்தத் திருகு சில கார்ப்பரேட்டர்களில் காற்றையும் சிலவற்றில் பெட்ரோலையும் கட்டுப்படுத்துவதால் திருப்பும் திசைக்கு எதிரெதிர் விளைவு உண்டாகும். பெரும்பாலும் ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருந்தால் காற்று, எஞ்சின் பக்கத்தில் இருந்தால் பெட்ரோல். இறுதிச் சரிசெய்தலை எஞ்சின் முழுவதும் சூடான பிறகே செய்து, ஐடிலிங்கை 1,400 ஆர்பிஎம் அளவில் வைக்கலாம். ஃப்ளோட் ஊசி தேய்ந்து பெட்ரோல் வழிந்தால் இரவில் அது சிலிண்டருக்குள்ளும், அங்கிருந்து எஞ்சின் ஆயிலுக்குள்ளும் இறங்கும். ஆயில் குச்சியில் பெட்ரோல் வாடை அடித்தால் ஊசியோடு ஆயிலையும் மாற்றாமல் வண்டியை ஓட்டக்கூடாது.

காற்று வரும் வழி

ஏர் ஃபில்டர் தூசியால் அடைத்தால் கலவையில் பெட்ரோலின் பங்கு தானாகவே கூடி, அதன் மேல் சோக்கும் சேரும்போது பிளக் நனைந்துவிடும். எண்ணெய்ப் பசையோடு வரும் காகித ஃபில்டரை ஊதிச் சுத்தம் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். நெடுநாள் நின்ற வண்டியில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கும்போது எலி கட்டிய கூடு கிடைப்பதும் நடப்பதுதான்.

எதிர்ப்பக்கப் பழுது மேனிஃபோல்ட் ரப்பரில் வரும். கார்ப்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள இந்த ரப்பர் வயதாகி வெடித்தால், அந்த வெடிப்பின் வழியே கணக்கில் இல்லாத காற்று புகுந்து கலவையை நீர்த்துப்போகச் செய்கிறது. ஐடிலிங்கில் ஓடவிட்டு ரப்பரின் மீதும் இணைப்புகளின் மீதும் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், வெடிப்பு இருக்கும் இடத்தில் எஞ்சினின் ஓசை மாறும். பிசின் தடவி ஒட்டுவது ஒரு வாரத்துக்கு மேல் நிற்பதில்லை; புதியதை வாங்கிவிடுங்கள்.

கம்ப்ரஷனும் டேப்பட்டும்

பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் வண்டி மறுத்தால் டேப்பட் இடைவெளியைப் பார்க்க வேண்டும். வால்வும் அதன் இருக்கையும் தேயத் தேய இடைவெளி குறைந்துகொண்டே வந்து, வால்வு முழுவதும் மூடாத நிலை ஏற்படும். டேப்பட் தளர்ந்தால் சத்தம் கேட்கும், உடனே கவனிப்போம். இறுகினால் சத்தமே வராது. ‘எஞ்சின் முன்பைவிட அமைதியாக ஓடுகிறது’ என்று மகிழும் நிலையில் காலை ஸ்டார்ட் மட்டும் சிரமமாவது இந்தப் பழுதின் அடையாளம்.

இடைவெளியை எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷன் முடிவின் உச்சியில் நிற்கையில் அளக்க வேண்டும். மேக்னெட்டின் ‘டி’ குறி நேராக இருப்பதோடு, வால்வுகளைத் தள்ளும் இரண்டு ராக்கர்களும் விரலால் அசைக்கும்போது சிறிது ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். சிறு எஞ்சின்களில் இந்த அளவு ஏறத்தாழ 0.05 முதல் 0.12 மி.மீ. வரை மாடலுக்கு மாடல் மாறும். யூசிஇ (எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே உடலில் அமைந்த வகை) எஞ்சின் கொண்ட ராயல் என்ஃபீல்டுகளில் ஹைட்ராலிக் டேப்பட் இருப்பதால் இந்த வேலையே இல்லை.

டேப்பட் சரியாக இருந்தும் கிக்கர் இலகுவாக இறங்கினால், பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றிச் சில முறை உதைத்துவிட்டுக் கம்ப்ரஷனை மீண்டும் பாருங்கள். அளவு உயர்ந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. உயராவிட்டால் வால்வில் கசிவு. இரண்டுக்கும் பட்டறைதான் இடம்.

ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள்

இவற்றில் சோக் கிடையாது. வெப்ப சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியு என்னும் கட்டுப்பாட்டுக் கணினியே பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. சாவியைப் போட்டதும் டேங்கிலுள்ள பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடி அழுத்தத்தை உருவாக்கும் ஓசை கேட்கும். அது ஓய்ந்த பிறகு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் பட்டனை அழுத்த வேண்டும். ஓசையே வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, கில் ஸ்விட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். சாவியை மூன்று முறை போட்டு எடுத்த பிறகு மட்டும் வண்டி பிடித்தால், இரவில் அழுத்தம் இறங்கிவிடுகிறது. பம்ப்பிலோ இன்ஜெக்டரிலோ கசிவு இருக்கலாம்.

பம்ப், இன்ஜெக்டர், ஈசியு மூன்றுக்கும் கரண்ட் தேவை என்பதால் பேட்டரி இங்கே கார்ப்பரேட்டர் வண்டியைவிட முக்கியம். பேட்டரி முற்றிலும் செத்துவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பெரும்பாலும் பலிக்காது. எஞ்சின் வெப்ப சென்சார் பழுதாகி, குளிர்ந்த எஞ்சினைச் சூடாக இருப்பதாக அறிவித்தால், கூடுதல் பெட்ரோல் கிடைக்காமல் காலை ஸ்டார்ட் மட்டும் பாதிக்கப்படும். பல நேரங்களில் அதன் இணைப்பியில் தண்ணீர் புகுந்ததே காரணமாக இருக்கும். காற்று உள்ளே போகும் வாயான த்ராட்டில் பாடியில் கரி படிந்தால் ஐடிலிங் காற்றின் பாதை அடைத்து, பிடித்தவுடன் அணையும். சுத்தம் செய்தால் தீரும். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தாலோ சிமிட்டினாலோ, ஸ்கேனர் உள்ள பட்டறையில் பிழைக் குறியைப் படிக்கச் சொல்வது ஊகத்தைவிட மலிவு. பெட்ரோல் குழாயில் ஏறத்தாழ 3 பார் அழுத்தம் இருப்பதால் அதை வீட்டில் கழற்ற முயல வேண்டாம்.

ஆயில், மலை, நெடுநாள் நிறுத்தம்

ஆயில் டப்பாவில் ‘டபிள்யூ’வுக்கு முன்னுள்ள எண் குளிரில் அதன் இளக்கத்தைக் குறிக்கும். கையேடு 10டபிள்யூ-30 என்று சொல்லும் எஞ்சினில் ‘கெட்டியாக இருந்தால் எஞ்சினுக்கு நல்லது’ என்று 20டபிள்யூ-50 ஊற்றினால் காலைச் சுழற்சி கனமாகும். அளவுக்கு மேல் ஊற்றுவதும் அப்படியே.

உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி விடியலில் அங்கே உறைபனி விழும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு என்பதால், மேட்டுப்பாளையத்தில் சரியாக வைக்கப்பட்ட கார்ப்பரேட்டர் மேலே போனதும் பெட்ரோலை அதிகமாகத் தருகிறது. குளிர் கூடுதல் பெட்ரோலைக் கேட்கிறது, உயரமோ ஏற்கெனவே கூட்டிவிட்டது. ஆகவே அங்கே சோக்கை முழுவதும் இழுத்துத் தொடங்கினாலும், வண்டி பிடித்த உடனே பாதியாகக் குறைக்க வேண்டும். சமவெளியில் விடுவதைப்போல விட்டால் பிளக் கரியாகிவிடும். அங்கேயே குடியிருப்பவர்கள் மெக்கானிக்கிடம் சொல்லிக் கலவையை உயரத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்வது நல்லது. இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெரும்பாலானவை அழுத்தத்தை அளந்து தாமே சரிசெய்துகொள்ளும்.

ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கை நிரப்பி, டேப்பை மூடி, பவுலில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். நிரம்பிய டேங்கில் ஈரக் காற்றுக்கு இடமில்லை, காலியான பவுலில் பசை படிய எதுவுமில்லை. பேட்டரியின் எர்த் ஒயரையும் கழற்றி வைக்கலாம்.

ஸ்டார்ட் ஆன பிறகு

ஆயில் மேலே வால்வுகளை இயக்கும் கேம் வரை ஏறுவதற்குச் சில நொடிகள் ஆகும். அதற்குள் ஆக்ஸிலேட்டரை முறுக்கி உறும விடுவதால் தேய்மானமே மிஞ்சும். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஐடிலிங்கில் விட்டு, பிறகு மிதமான வேகத்தில் கிளம்பினால் எஞ்சின் ஓட்டத்திலேயே விரைவாகச் சூடேறும். மூடிய கார் ஷெட்டிலோ அடுக்குமாடியின் அடித்தளத்திலோ எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் நிறமும் கிடையாது.

வீட்டில் செய்ய முடிந்தவற்றையெல்லாம் செய்தும் குறை நீடித்து, பட்டறைக்குத்தான் போக வேண்டும் என்றால், வண்டியை முந்தைய நாள் மாலையே விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் கிக்கை மெக்கானிக்கே உதைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டரியில் அளந்த இரண்டு வோல்ட்டேஜ்கள், பிளக் நனைந்திருந்ததா காய்ந்திருந்ததா, சோக் எவ்வளவு நேரம் தேவைப்பட்டது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அவர் எங்கே தொடங்க வேண்டும் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.